சிஸ்ட்: நீர்க்கட்டி அல்ல, கூடு

உடுமலைப்பேட்டைப் பக்கம், எங்கள் அடுத்த தோட்டத்துக்காரர் கண் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். மடை திருப்பும்போது பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் சேறு கண்ணில் தெறித்திருக்கிறது. தாளில் 'அகாந்தமீபா சிஸ்ட்' என்று இருந்தது. அகாந்தமீபா என்பது மண்ணிலும் நீரிலும் வாழும் ஒற்றைச் செல் உயிர், கண்ணில் புகுந்தால் கருவிழியைப் புண்ணாக்கும். சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "கட்டின்னா கீறி எடுத்தரலாமுங்களா?" என்று கேட்டார். ஒரு தப்பான சொல் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருந்தது.

கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை, சிறுநீர்ப்பை. அதிலிருந்து வந்ததுதான் சிஸ்ட். சினைப்பையில் நீர் கோத்தால் அதை நீர்க்கட்டி என்கிறோம். அங்கே அது சரி. அமீபாவிடம் அந்தச் சொல் எடுபடாது. இங்கே சிஸ்ட் என்பது உயிர் தன்னைச் சுற்றித் தானே கட்டிக்கொள்ளும் உறை. அகாந்தமீபாவுக்கு அது இரட்டைச் சுவர். உள்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது, பருத்தியில் இருக்கும் அதே பொருள்.

இதற்குத் தமிழில் கூடு என்ற சொல் தயாராக இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். சந்திரிகை என்னும் கூடு கட்டும் தட்டில் விட்ட புழு இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். சின்ன வயதில் அப்பிச்சி ஒரு கூட்டை என் காதோரம் ஆட்டிக் காட்டுவார். உள்ளே லொடலொடவென்று சத்தம் கேட்கும். "அசையலீன்னா செத்துப்போச்சுன்னு நெனைக்காத கண்ணு, உள்ள உசுரோட இருக்குது" என்பார். அவித்து உள்ளிருப்பதைக் கொல்லாவிட்டால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கண் சொட்டு மருந்தை ஆய்வகத்தில் சோதிப்பதும் இந்தக் கணக்குத்தான். ஊர்ந்து இரை தின்னும் பருவத்துக்கு 'ட்ரோபோசோயிட்' என்று பெயர். அதுவும் கிரேக்கம்தான், இரையுண்ணும் உயிர் என்று பொருள். இரையுண்ணி என்றே சொல்லலாம். இரையுண்ணியைக் கொல்வது அவ்வளவு கடினமில்லை. சோதனையே கூட்டில்தான். மருந்தின் வெவ்வேறு அளவுகளில் கூடுகளை ஊறவைக்கிறார்கள், மருந்தைக் கழுவி எடுக்கிறார்கள், அப்புறம் சத்தில்லாத அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவை இரையாகப் பரப்பி அதில் விடுகிறார்கள். நாள்கணக்கில் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஒன்றேனும் கூட்டின் துளை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து ஊர்ந்தால் அந்த அளவு போதாது. எதுவுமே வெளிவராத மிகக் குறைந்த அளவுதான் 'கூடுகொல் அளவு'. இந்தச் சொல் நான் கட்டியது, பொருந்துகிறது என்றே நம்புகிறேன்.

பெரும்பாலும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுபவை பி.எச்.எம்.பி., குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லிகளின் 0.02 சதவீதச் சொட்டுகள். பி.எச்.எம்.பி. நீச்சல் குளத்து நீரைச் சுத்தப்படுத்தவும் பயன்படுவது. தட்டில் வென்ற மருந்து கண்ணிலும் அப்படியே வெல்லும் என்று சொல்ல முடியாது. கருவிழிக்குள் ஆழத்தில் பதுங்கிய கூட்டை மருந்து போய்ச் சேர வேண்டும். மாதக்கணக்கில் சொட்டு விடச் சொல்வது அதனால்தான்.

ஆகவே சிஸ்டுக்கு 'உறைக்கூடு' என்று எழுதலாம், பேச்சில் கூடு போதும். தோட்டத்துக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு வீட்டம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு செவப்பு கொறஞ்சாலும் நிறுத்தக் கூடாது புள்ள. கூட்டுக்குள்ள இருக்கறது சாகற வரைக்கும் ஊத்தோணும்."