கதவிடுக்கில் ஓடும் காற்று

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “காசநோய்க்காக அப்பாவைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். புழுங்குகிறதே என்று கதவைக் கொஞ்சம் திறந்தேன். சிஸ்டர் ஓடிவந்து சாத்திவிட்டார். காற்றோட்டம் வேண்டும் என்றும் சொல்கிறார்கள், கதவையும் சாத்துகிறார்கள். எது சரி?”

இரண்டும் சரிதான்.

காசநோய்க் கிருமி இருமலில் கிளம்பும் நுண்துளிகளில் ஏறி மணிக்கணக்கில் மிதக்கும். அதனால் அந்த அறைக்குள் காற்று வரலாம், வராந்தாவுக்குத் திரும்பக் கூடாது. உள்ளே விடுவதைவிடச் சற்று அதிகமாக எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே இழுத்தால் போதும். பற்றாக்குறையை வராந்தாக் காற்று கதவிடுக்கு வழியே வந்து நிரப்பும்.

எவ்வளவு பற்றாக்குறை என்பதுதான் அழகு. 2.5 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் போதும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். கால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துகிற அழுத்தம் அது. வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் பள்ளியில் படித்த பெர்னூலி கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இடுக்கில் காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உள்ளே பாயும். நாம் விறுவிறுவென்று நடப்பதைவிட வேகம். அதை எதிர்த்து ஒரு நுண்துளி எங்கே வெளியேறுவது!

கதவைத் திறந்தால்? அதே காற்று இப்போது வாசல் முழுக்கப் பரவ வேண்டும். வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். போதாததற்கு வேலூர் வெயில். உள்ளே ஏசியில் 25 டிகிரி, வராந்தாவில் 35. குளிர்ந்த காற்று கனமானது. தரையோரமாக அது வெளியே வழிய, தலைக்கு மேலே வெக்கை உள்ளே நுழையும். சிஸ்டர் ஓடிவந்தது இதற்குத்தான். இரண்டு கதவு வைத்து நடுவில் ஒரு சிற்றறை கட்டுவதும் இதற்குத்தான்.

ஒருமுறை ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) ‘ஐசொலேஷன்’ பலகை மாட்டிய அறையின் கதவடியில் டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடித்துப் பார்த்தேன். அது என் பக்கமாகப் படபடத்தது. காற்று வெளியே வந்துகொண்டிருந்தது! ஊதுபத்தி இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது. லட்சக்கணக்கில் செலவழித்து ஏசி மாட்டுகிறோம், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஆள் போடுவதில்லை.

இனி கரண்ட் பில். அறைக் காற்று மணிக்கு 12 முறை மாற வேண்டும். 36 கன மீட்டர் அறைக்கு 432 கன மீட்டர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக் காற்றை 25க்கு இறக்கினால், ஈரப்பதத்தை விட்டுவிட்டே, சுமார் 2 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும். அரை டன் ஏசிக்கும் மேல். குளிரவைத்த உடனே வெளியே கொட்டுகிறோம். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் இந்தச் செலவு இல்லை. அது உள்ளிருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, இங்கே அது உதவாது. வெளியேறும் குளிர்காற்றின் பாதையில் ஒரு தண்ணீர்க் குழாய்ச் சுருள், உள்ளே வரும் காற்றின் பாதையில் இன்னொன்று வைத்தால், இரண்டு காற்றும் கலக்காமலே கொஞ்சம் குளிர்ச்சியை மீட்கலாம். ஆளில்லாதபோது ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால், கணக்குப்படி மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும்.

பெரு நாட்டின் லிமாவில் அளந்து 2007இல் வெளியிட்ட முடிவு என்னை வாய்பிளக்க வைத்தது. ஜன்னலும் கதவும் திறந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை (நடுமதிப்பு) மாறியது; உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் 40. மின்சாரச் செலவே இல்லை. ஆனால் மே மாத மதியத்தில் ஓர் இலைகூட அசையாதபோது இந்தக் கணக்கு படுத்துவிடும். காற்று எந்தப் பக்கம் போகும் என்பதும் நம் கையில் இல்லை.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதை நான் கேலி செய்ய மாட்டேன். ‘உள்ளே வராதே’ என்ற பலகை அது. காத்து கருப்பு அண்டும் என்று ஜன்னலை அடைப்பதுதான் ஆகாது.

காட்பாடிக்காரருக்கு: கதவு சாத்தியே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஓடும் அறை என்றால் ஜன்னலையும் தொடாதீர்கள், அழுத்தம் கெட்டுவிடும். எக்ஸாஸ்ட் இல்லாத அறையா? ஆள் நடமாட்டமில்லாத பக்கத்து ஜன்னலைத் திறக்கலாமா என்று அதே சிஸ்டரிடம் கேளுங்கள்.