கோச், பொறுப்பு, பொறுப்புக்கூறல்: ஒரு சொல் விளக்கம்

போன வாரம் கிருஷ்ணகிரியில் மைதானத்து ஓரம் நின்றுகொண்டிருந்தேன். கால்பந்து பழகும் பெண்பிள்ளை ஒருத்தியின் அம்மா வந்து, "அக்கவுண்டபிலிட்டின்னு சொல்றாங்களே சார், தமிழ்ல அதுக்கு என்னங்க?" என்று கேட்டார். 'பொறுப்பு' என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அது போதாது என்று பட்டது.

முதலில் 'கோச்'. மொரப்பூர் ஸ்டேஷனில் "எஸ்4 கோச் எங்க வரும்?" என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லும் மைதானத்தில் பிள்ளைகள் கூப்பிடும் 'கோச் சார்' என்பதும் ஒன்றுதான். ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த குதிரைவண்டிக்கு ஊர்ப்பெயரே பெயராகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையில் தங்களைக் கரைசேர்க்கும் ஆசிரியரை இப்படிக் கூப்பிட்டார்கள். 1860களில் விளையாட்டுக்கும் வந்துவிட்டது. ஆக, ஏறி உட்கார்ந்தவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் அடிப்பொருள்.

தமிழில் பயிற்சியாளர் என்கிறோம், தப்பில்லை. எனக்குப் 'பயிற்றுநர்' இன்னும் பிடிக்கும். பயில் என்றால் தான் கற்பது, பயிற்று என்றால் பிறரைக் கற்கவைப்பது; ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் சரியாக உட்காரும். ஓட்டுநருக்கு இருப்பதுபோல இவர்களுக்கும் லைசென்ஸ் உண்டு, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக. ஆட்டம் சொல்லித்தரத் தெரியும் என்பதற்கு அது சான்று, பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு யாராவது தொடர்ந்து கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, அக்கவுண்டபிலிட்டிக்கு வருவோம். அதன் வேர் எண்ணுவதைக் குறிக்கும் லத்தீன் சொல், அதாவது நம் கணக்கு. பொறுப்பின் வேரோ 'பொறு': சுமப்பது, தாங்கிக்கொள்வது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தப்பு செய்தவர் சுமக்க வேண்டியதை, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, டீம்ல இடம் போயிடும்" என்று பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடுவது நம் ஊரிலும் நடக்கிறது, அமெரிக்காவிலும் நடந்தது. போர்ட்லேண்ட் தார்ன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியில் 2015இல் மானா ஷிம் என்ற வீராங்கனை பயிற்சியாளர் பால் ரைலி மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார். அணி விசாரித்தது, ரைலியை நீக்கியது, ஆனால் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று மட்டும் அறிவித்து, காரணத்தை வெளியே சொல்லாமல் நன்றி சொல்லி அனுப்பிவைத்தது. அடுத்த வருடமே அவர் வேறொரு அணிக்குப் பயிற்சியாளர். 2021இல் ஷிம்மும் இன்னொரு வீராங்கனை சினேட் ஃபாரலியும் ஊடகத்தில் வெளிப்படையாகப் பேசியபிறகுதான் அந்த வேலையும் போனது, 2023 ஜனவரியில் இந்த அணிகள் ஆடும் லீக் அவரையும் இன்னும் மூன்று பயிற்சியாளர்களையும் நிரந்தரமாகத் தடைசெய்தது. ரைலி குற்றச்சாட்டுகளை மறுத்தார். நம் நாட்டிலும் 2022இல், 17 வயதுக்குட்பட்ட மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர் பாலியல் தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டார்.

போர்ட்லேண்டில் விசாரணை நடந்தது, நடவடிக்கையும் உண்டு, இல்லாமல் போனது 'சொல்வது'. அதனால்தான் இலங்கைத் தமிழர்கள் வழக்கமாக எழுதும் 'பொறுப்புக்கூறல்' சரியான சொல் என்கிறேன். நம் பக்கம் பொறுப்புடைமை என்றும் எழுதுகிறார்கள், அதில் அந்தக் 'கூறல்' இல்லை. அப்புறம் இன்னொன்று: 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், விளையாட்டுப் பயிற்சி நிலையம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் பணியிடம் என்றே சொல்கிறது. 18 வயது ஆகாத பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கப் போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

நேற்று அந்த அம்மாவைத் திரும்பப் பார்த்தேன். அவர்களுக்கு மாந்தோப்பு உண்டு. "மண்டியில எத்தனை கிலோ, கமிஷன் எவ்வளவுன்னு சீட்டு கேட்டு வாங்குறீங்கல்ல, அந்தக் கணக்குதாம்மா பொறுப்புக்கூறல்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க பாப்பாவோட கோச் யாருக்குங்க கணக்கு சொல்றாரு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்துபவர்களிடம் போய் இதைக் கேட்கப் போகிறோம்.