முதலில் சிகிச்சை, அப்புறம்தான் போலீஸ்: விபத்தில் அடிபட்டவருக்கு உள்ள உரிமை

"இது போலீஸ் கேஸ். நாங்க தொட முடியாது, ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்க." ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குள் ஓடியவர்களில் பலர் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். எஃப்.ஐ.ஆர். காப்பி இல்லை, சொந்தக்காரர் யாரும் கூட வரவில்லை, அட்வான்ஸ் கட்டவில்லை என்றும் காரணம் சொல்வார்கள். இதில் ஒன்றுகூடச் சட்டத்தின் முன் நிற்காது. உயிருக்குப் போராடும் நிலையில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை கொடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான். 1989 முதல் இந்தியா முழுவதற்கும் இதுதான் சட்டம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, தெருமுனை நர்சிங் ஹோம் எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டவை.

இந்த உரிமையை நமக்கு வாங்கிக் கொடுத்தவர் பர்மானந்த் கட்டாரா என்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞர். சட்டக் கல்லூரிகளில் அவர் பெயரை ஒரு வழக்கின் தலைப்பாக மனப்பாடம் செய்கிறார்கள். வெளியே அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் இன்று கேஷுவாலிட்டி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு சாமானியன் உரிமையோடு பேச முடிகிறதென்றால் அதற்கு அடித்தளம் அவர் போட்டது.

எண்பதுகளின் இறுதியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. 'காயம்பட்டவர் சாகச் சட்டமே உதவுகிறது' என்பது அதன் தலைப்பின் பொருள். ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது வேகமாக வந்த கார் மோதிவிட்டது. வழியில் போனவர் அவரைத் தூக்கிப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கிருந்த டாக்டர்கள் பார்க்க மறுத்துவிட்டார்கள். இது மெடிகோ-லீகல் கேஸ், அதாவது போலீஸ் விசாரணையும் சேர்ந்த கேஸ், இதைப் பார்க்க அனுமதி உள்ள மருத்துவமனை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கட்டாராவுக்கு இறந்தவர் கட்சிக்காரரும் இல்லை, உறவினரும் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியை ஆதாரமாக வைத்து, அரசியலமைப்பின் 32-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுப் போட்டார். மத்திய அரசு, இந்திய மருத்துவ கவுன்சில், இந்திய மருத்துவர் சங்கம் எல்லாம் பதில் சொல்ல வேண்டி வந்தது. அப்போதுதான் ஒரு உண்மை வெளிப்பட்டது. போலீஸ் வரும்வரை டாக்டர் கைகட்டி நிற்க வேண்டும் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்திலும் இல்லை. இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து இத்தனை காலம் காயம்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1989 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ரா, ஜி.எல். ஓஜா தீர்ப்புச் சொன்னார்கள். உயிரைக் காப்பது, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-வது பிரிவின்படி அரசின் கடமை. அரசுப் பணியில் இருந்தாலும் தனியாகத் தொழில் செய்தாலும் ஒவ்வொரு டாக்டருக்கும் உயிர் காக்கும் கடமை உண்டு. எந்தச் சட்டமும் எந்த நடைமுறையும் அதற்குக் குறுக்கே வர முடியாது. காயம்பட்டவர் நிரபராதியா குற்றவாளியா என்பதும் அந்த நேரத்துக் கேள்வி இல்லை. குத்துவெட்டில் வந்தவருக்கும் அதே சிகிச்சைதான்.

நீதிபதி ஓஜா தனியாக எழுதிய பகுதியை டாக்டர்களும் போலீஸ்காரர்களும் வக்கீல்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் ஒதுங்குவது இரக்கம் இல்லாமல் அல்ல, பின்னால் வரும் அலைச்சலுக்குப் பயந்துதான் என்பதை அவர் புரிந்துகொண்டார். அதனால் போலீஸ் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, கோர்ட்டில் வீணாகக் காக்க வைக்கக் கூடாது, அவசியமில்லாமல் சாட்சிக் கூண்டுக்கு இழுக்கக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார்: தன்னிடம் உள்ள வசதி போதாது என்று டாக்டர் நினைத்தால், முடிந்த உதவியைச் செய்துவிட்டு, உரிய நிபுணரிடம் நோயாளி சீக்கிரம் போய்ச் சேரவும் அவரே வழி பண்ண வேண்டும். ஆகவே, "எங்ககிட்ட ஐ.சி.யூ. இல்லை" என்ற பதில் உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. ரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுப்பாதையைச் சரிசெய்வது, டிரிப்ஸ் போடுவது என்று கையில் உள்ளதைச் செய்துவிட்டு, எழுத்துப்பூர்வமான ரெஃபரல் சீட்டோடு அனுப்ப வேண்டும்.

தீர்ப்பு வந்து மூன்று ஆண்டு கழித்து மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கல்கத்தாவில் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியும் படுக்கை இல்லை, வசதி இல்லை என்ற பதில்தான். கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிதி நெருக்கடியைக் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. இதற்கிடையே 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு திருத்தப்பட்டு, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் சிகிச்சை தருவது டாக்டரின் கடமை என்று எழுத்திலேயே வந்துவிட்டது.

பணம் யார் கட்டுவது?

கட்டாரா வழக்கு முழுதாகத் தீர்க்காத கேள்வி இது. சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. இலவசமாகத் தர வேண்டும் என்று அது தனியார் மருத்துவமனைக்குச் சொல்லவில்லை. அட்வான்ஸ் கேட்டு அவசர சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆனால் பிறகு பில் வரலாம். இந்தப் பில் பயம்தான் இன்றைக்கும் பலரை அருகில் இருக்கும் மருத்துவமனையைத் தாண்டித் தொலைவில் உள்ள ஜி.எச்.சுக்குத் துரத்துகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தொடங்கியபோது 81 வகைச் சிகிச்சைகளும், ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பும் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வருமான வரம்பு இல்லை. வெளிமாநிலத்துத் தொழிலாளிக்கும் வெளிநாட்டுப் பயணிக்கும்கூட உண்டு. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகள் 600-க்கும் மேல். உங்கள் ஊரில் எவையெவை என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். அடிபட்டபின் தேட நேரம் இருக்காது.

மத்திய அரசுத் திட்டம் வந்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2025 ஜனவரி 8 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-வது பிரிவு சொல்லும் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை இனியும் தள்ளிப்போடாமல் கொண்டுவரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 மே 5 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் எந்தச் சாலையிலும் மோட்டார் வாகனத்தால் விபத்து நேர்ந்தால், திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள்வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். திட்டத்தில் இல்லாத மருத்துவமனையில் நிலையைச் சீராக்கும் முதற்கட்டச் சிகிச்சைக்கு மட்டும் பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டுமே சாலை விபத்துக்கானவை. மாடியிலிருந்து விழுந்தவர், மின்சாரம் தாக்கியவர், பாம்பு கடித்தவர் இந்தப் பணத் திட்டங்களில் வர மாட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கட்டாரா தீர்ப்பு மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். அமில வீச்சு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இதைவிட வலுவான சட்டமே உண்டு. எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ்., அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின் 397-வது பிரிவு. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு பி.என்.எஸ்., அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின் 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கொண்டு போனவர் மாட்டிக்கொள்வாரா?

மாட்ட மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவும், 2020-ல் வந்த விதிகளும் அவருக்குப் பாதுகாப்பு. காயம்பட்டவரைச் சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம். பெயர், விலாசம், போன் நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று போலீசோ மருத்துவமனையோ வற்புறுத்த முடியாது. அட்மிஷன் பணம் கட்டச் சொல்லவும் முடியாது. சாட்சி சொல்வது அவராக விரும்பினால் மட்டுமே. இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதிதான். படுகாயமடைந்தவரை விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்தவருக்கு மத்திய அரசு தரும் பரிசுத் தொகை இப்போது 25,000 ரூபாய்.

கேஷுவாலிட்டியில் நடைமுறை இப்படித்தான் இருக்க வேண்டும்: டியூட்டி டாக்டர் நோயாளியைப் பார்ப்பார். ஏ.ஆர். என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டில் வந்த நேரம், காயம் எங்கெங்கே, எப்படி நேர்ந்ததாகச் சொன்னார்கள் என்று எழுதுவார். காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் வேலை. எஃப்.ஐ.ஆர். வாங்கிவர உங்களை ஸ்டேஷனுக்கு ஓட்டக் கூடாது. அந்த ஏ.ஆர். காப்பியைப் பத்திரமாக வாங்கி வையுங்கள், பின்னால் வாகன விபத்து இழப்பீடு கேட்கும்போது அதுதான் முதல் ஆவணம்.

மறுத்தால் அங்கே நின்று சண்டை போட்டு நேரத்தை விட வேண்டாம். "சிகிச்சை தர முடியாதுன்னு எழுதிக் கொடுங்க, யார் டியூட்டியில இருக்காங்கன்னு பேரும் சொல்லுங்க" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் பல இடங்களில் ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். அப்படியும் நடக்கவில்லை என்றால் 108-க்கு அடித்து நோயாளியை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். நேரத்தையும் பேசியவர் பெயரையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி பிழைத்த பிறகு மாவட்ட மருத்துவ, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு புகாரும், டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு ஒரு புகாரும் கொடுக்கலாம். 'பர்மானந்த் கட்டாரா எதிர் இந்திய ஒன்றியம், 1989' என்று புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.