நான்கு பிட்டில் ஒரு பங்கீடு: தொலைபேசிச் சிக்னல்கள் எந்த வழியில் போகின்றன?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஒருவர் போன் போட்டால் இரண்டு காரியங்கள் தனித்தனியாக நடக்கின்றன. குரல் ஒரு தடத்தில் போகிறது. ‘இந்த எண்ணுக்கு அழைப்பு வந்திருக்கிறது’, ‘மணி அடிக்கிறது’, ‘எடுத்துவிட்டார்கள்’, ‘வைத்துவிட்டார்கள்’ என்ற தகவல்கள், அதாவது சிக்னல்கள், வேறொரு தடத்தில் போகின்றன. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960களில் தொலைத்தொடர்புக்கும் பொறுப்பான அமைச்சராக இருந்தபோது இரண்டும் ஒரே கம்பியில்தான் ஓடின. சிக்னலுக்கென்று தனிப்பாதை போடும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது, 1980இல் தரமாக வெளியான எஸ்.எஸ்.7 முறை.

அந்தத் தனிப்பாதைக்கு லிங்க் என்று பெயர். அதன் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்றைக்கு இது அற்பம்தான். ஆனால் ஒரு சாதாரண அழைப்பு தொடங்கி முடிய ஐந்து செய்திகள் போதும், ஒவ்வொன்றும் சில பத்து பைட். ஆயிரம் குரல் தடங்களைக்கூட ஒரே லிங்க் சமாளித்துவிடும். இருந்தாலும் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. அது அறுந்தால் ஊரே ஊமையாகிவிடுமே! அதனால் பல லிங்க்குகளைச் சேர்த்து ஒரு லிங்க்செட் ஆக்குகிறார்கள். ஒரு செட்டில் 16 வரை இருக்கலாம். சிக்னல்களை வாங்கித் திருப்பிவிடும் எஸ்.டி.பி. என்ற சந்திப்புகளையும் ஜோடியாக வைத்து, இரண்டுக்கும் ஒவ்வொரு செட் இழுக்கிறார்கள்.

சரி, நான்கு லிங்க் இருந்தால் முதல் செய்தி முதலாவதில், அடுத்தது இரண்டாவதில் என்று முறைவைத்து அனுப்பினால் என்ன? சுமை துல்லியமாகப் பிரியும், ஆனால் அழைப்பு கெட்டுவிடும். ஒருவர் எண்ணைச் சுழற்றிவிட்டு உடனே வைத்துவிடுகிறார். ‘அழைப்பு’ செய்தி நெரிசலான லிங்க்கில் மாட்டிக்கொள்ள, ‘விடுவி’ செய்தி காலியான லிங்க்கில் முந்திப் போய்ச் சேர்கிறது. அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் (தொலைபேசி நிலையம்), தடம் ஏற்கெனவே காலியாகத்தானே இருக்கிறது என்று பார்த்து, ‘விடுவித்தாயிற்று’ எனப் பதில் போட்டுவிடுகிறது. அப்புறம்தான் ‘அழைப்பு’ வந்து சேர்கிறது. ஆளே இல்லாத அழைப்புக்கு அங்கே மணி அடிக்கும்.

ஆகவே ஓர் அழைப்பின் செய்திகள் எல்லாம் ஒரே வழியில், வந்த வரிசையிலேயே போக வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் எஸ்.எல்.எஸ். என்ற சிறு எண் இருக்கிறது. சர்வதேசத் தரத்தில் அது 4 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற நான்கு இரும இலக்கங்கள். 0 முதல் 15 வரை 16 மதிப்புகள். குரல் அழைப்பு என்றால், அது பிடித்திருக்கும் தடத்தின் எண்ணில் கடைசி 4 பிட்தான் எஸ்.எல்.எஸ். எந்த மதிப்பு எந்த லிங்க்கில் போகும் என்று எக்ஸ்சேஞ்சில் ஓர் அட்டவணை இருக்கும். சுமைப் பங்கீட்டை அமைப்பது என்றால் பெரும்பாலும் இந்த அட்டவணையை நிரப்புவதுதான்.

இங்கே யாரும் சுமையை அளப்பதில்லை. எண்களைப் பங்கிடுகிறார்கள், சுமையும் அதே கணக்கில் பிரியும் என்று நம்புகிறார்கள். 2, 4, 8 லிங்க் என்றால் 16 சமமாக வகுபடும். மூன்று லிங்க் என்றால் 6, 5, 5. ஐந்து என்றால் ஒன்றுக்கு 4, மற்றவற்றுக்கு மும்மூன்று. நான்கோடு ஐந்தாவது லிங்க்கைச் சேர்த்த பிறகும் அந்த ஒன்றின் பாரம் குறைந்திருக்காது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. குரல் தடங்கள் 32 நேரத்துண்டுகள் கொண்ட கட்டுகளாக வருகின்றன. 0ஆம் துண்டு ஒத்திசைவுக்கு, 16ஆவது வழக்கமாகச் சிக்னலுக்கு. தடத்தின் எண்ணும் இந்தத் துண்டு வரிசையை ஒட்டியே வரும்; இரண்டிலும் கடைசி 4 பிட் பூஜ்யம்தான். ஆக 16ஐக் குரலுக்கு விடாத இடங்களில் 0 என்ற எஸ்.எல்.எஸ்.ஸுக்கு அழைப்பே வராது. 16 லிங்க்குகள் போட்டிருந்தால் ஒன்று சும்மா கிடக்கும்.

பெரிய சிக்கல் இரண்டு கட்டமாகப் பிரிக்கும்போது வருகிறது. செம்பனை ஆலைக்குக் குலை ஏற்றி வரும் லோரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் இரட்டைப்படையில் முடிந்தால் வலது வாசல், ஒற்றைப்படை என்றால் இடது வாசல். உள்ளே போனதும் இரண்டு மேடைகள். அங்கும் இரட்டைக்கு ஒன்று, ஒற்றைக்கு ஒன்று என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வலது வாசலில் நுழைந்ததெல்லாம் இரட்டைதானே! ஒரு மேடையில் வரிசை நிற்கும், பக்கத்து மேடை காலி.

எக்ஸ்சேஞ்சிலும் அப்படியே. எஸ்.எல்.எஸ்.ஸின் கடைசி பிட்டை (எண் இரட்டையா ஒற்றையா என்று சொல்வது அதுதான்) வைத்து எந்த எஸ்.டி.பி. என்று முடிவு செய்துவிட்டு, செட்டுக்குள் லிங்க் தேர்வதற்கும் அதே பிட்டைப் பார்த்தால் பாதி லிங்க்குகள் தூங்கும். அதனால் இரண்டாம் கட்டத்துக்கு அடுத்த பிட்டைக் கொடுக்க வேண்டும். அதோடும் முடியவில்லை. முதல் எஸ்.டி.பி.க்கு வந்து சேர்வதெல்லாம் இரட்டை மதிப்புகளே. அதுவும் கடைசி பிட்டைப் பார்த்தால் கதை அங்கே மறுபடி ஆரம்பிக்கும். அமெரிக்கத் தரம் இதற்கு நல்ல வழி கண்டது: ஒவ்வொரு நிலையமும் எஸ்.எல்.எஸ்.ஸை ஒரு பிட் சுழற்றி அனுப்பும், அடுத்தவர் கண்ணில் வேறு பிட் கடைசியாகப் படும். சர்வதேசத் தரத்தில் இந்தச் சுழற்சி இல்லை. அதனால் எந்தக் கட்டத்தில் எந்த பிட்டைப் பார்ப்பது என்பதைச் சாதனத்தின் அமைப்பில் ஆள்தான் சொல்ல வேண்டும். ஒரு லிங்க் 35 விழுக்காடு, பக்கத்தது 2 விழுக்காடு என்று கணக்கு காட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இத்தனையும் சரியாக இருந்தும் சாய்வு தெரியலாம். இரு எக்ஸ்சேஞ்சுகளும் ஒரே நேரத்தில் ஒரே தடத்தைப் பிடித்து மோதிக்கொள்ளாமல் இருக்க ஒரு விதி உண்டு: அடையாள எண் பெரிதாக இருப்பது இரட்டைப்படைத் தடங்களுக்குப் பொறுப்பு, மற்றது ஒற்றைப்படைக்கு. ஒவ்வொன்றும் முதலில் தன் பங்கிலிருந்து எடுக்கும். தீபாவளிக்கு முதல் நாள் தோட்டங்களிலிருந்து வெளியூர் அழைப்புகள் கிளம்பத் தொடங்கும்போது ஒரு பக்கத்து எஸ்.டி.பி. மட்டும் வேலை செய்வதுபோலத் தோன்றும். கூட்டம் ஏற ஏறத் தடங்கள் நிரம்பி, சாய்வு தானே மறையும். அமைதியான நேரத்துக் கணக்கைப் பார்த்து அட்டவணையை மாற்றுவது வீண் வேலை.

லிங்க் ஒன்று அறுந்தால் அதன் மதிப்புகள் மற்றவற்றுக்குப் போகும். வழியில் இருந்த செய்திகளும் தொலைவதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 127 வரை ஒரு வரிசை எண் உண்டு. ‘உன்னிடமிருந்து இதுவரை ஒழுங்காக வந்தது’ என்று கடைசி எண்ணை இரு பக்கமும் வேறு லிங்க் வழியாகச் சொல்லிக்கொள்ளும். மிச்சத்தை அங்கிருந்து திரும்ப அனுப்பும். இந்தக் கூடுதல் பாரத்துக்கு இடம் வேண்டுமே என்றுதான் வட அமெரிக்காவில் ஒரு லிங்க்கை 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல் திட்டமிடுகிறார்கள். ஜோடியில் ஒன்று போனால் மற்றது 80ஐத் தாங்கும்.

எஸ்.எஸ்.7ஐப் பயன்படுத்தும் கைப்பேசி வலைகளில், மலேசியாவின் 3ஜி 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 2ஜி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 64 கிலோபிட் கம்பிகளின் இடத்தை இணைய நெறிமுறை பிடித்துக்கொண்டாலும், அதன்மேல் ஓடும் எஸ்.எஸ்.7 செய்திகளில் எஸ்.எல்.எஸ். அப்படியேதான் இருக்கிறது. இணைய ரவுட்டர்களிலும் இதே இரட்டைப் பிரிப்புச் சிக்கல் உண்டு. அடுத்தடுத்த ரவுட்டர்கள் ஒரே சூத்திரத்தால் பாதை தேர்ந்தால் பாதி வழிகள் காலியாகக் கிடக்கும். அங்கே ஒவ்வொரு ரவுட்டரின் சூத்திரத்திலும் ஒரு தனி எண்ணைக் கலந்து சரிசெய்கிறார்கள்.