நடக்க முடிந்தாலும் குதிகால் நாண் அறுந்திருக்கலாம்

"நடக்க முடியுதே டாக்டர், அப்புறம் எப்படி அறுந்திருக்கும்?" மூன்று வாரம் எண்ணெய் போட்டு நீவிய காலோடு வருபவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். சலித்துவிட்டது.

குதிகாலுக்கு மேலே கயிறுபோல் கைக்குத் தட்டுப்படுவது அக்கிலிஸ் தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைப்பது. பலரும் சொல்வதுபோல் நரம்பு இல்லை. அக்கிலிஸ் கிரேக்கப் புராண வீரன். உடம்பில் காயமே படாதிருக்க, குழந்தையாக இருந்தபோது தாய் தீட்டிஸ் அவனை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினாள், பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையாமல் போனதாம். பிற்பாடு ட்ராய் இளவரசன் பாரிஸின் அம்பு அந்தக் குதிகாலில் பட்டு மாண்டான் என்பார்கள். ஆற்றில் முக்கிய கதை ஹோமர் பாடிய பழைய கிரேக்கக் காவியமான இலியட்டில் கிடையாது, கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் கிடைக்கிறது. 1693-இல் உடற்கூறியலாளர் ஃபிலிப் வெர்ஹேயன் இந்த நாணை அக்கிலிஸ் பெயரால் குறித்தார். பெயரை வைத்து நோஞ்சான் நாண் என்று எண்ண வேண்டாம். உடம்பிலேயே தடிமனும் வலுவும் அதிகமுள்ள நாண் இதுதான்.

அறுவது பெரும்பாலும் குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே. வாரம் முழுக்க நாற்காலி, ஞாயிறு மட்டும் பேட்மின்டன் என்றிருக்கும் 30-50 வயது ஆண்களே அதிகம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது.

இனி அந்த நடக்கும் சமாசாரம். கணுக்காலைக் கீழே வளைக்க வேறு தசைகளும் உண்டு. பெருவிரலை மடக்கும் தசை, கணுக்காலின் உட்பக்கம் இறங்கும் தசை இரண்டும் சேர்ந்து நொண்டி நொண்டி நடக்கவைத்துவிடும். அந்த ஒற்றைக் காலின் நுனியில் எழும்பச் சொன்னால் முடியாது. எக்ஸ்ரே நார்மல் என்று நீட்டுகிறார்கள். எக்ஸ்ரே எலும்பைப் பார்க்கத்தான் ஐயா!

நாங்கள் செய்வது எளிய சோதனை. கட்டிலில் குப்புறப் படுத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் சதையை அமுக்கினால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசைந்தாலும் சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள்.

நீவாதீர்கள், சுளுக்கு எடுக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். விரல் நுனி கீழ்நோக்கி இருக்கும்படி பாதத்தைத் தாங்கிக் கட்டி, காலை ஊன்றாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் வாருங்கள். சீக்கிரம் வந்தால் பலருக்கு மாவுக்கட்டோ கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸோ போதும். நாள் கடந்தால் அறுந்த முனைகள் விலகி, இடையில் தழும்பு வளர்ந்து, அறுவை சிகிச்சையும் பெரிதாகிவிடும்.

சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இந்த நாணைப் பாதிக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேல் வலித்தால், அடுத்த மாத்திரைக்கு முன் எழுதிக்கொடுத்தவரைக் கேளுங்கள். 60 தாண்டியவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தயவுசெய்து, வலிக்கிறதென்று அந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லி யாரையும் நச்சரிக்காதீர்கள்.