ட்வீன்: இந்த வயதுக்குத் தமிழில் என்ன பெயர்?

போன வாரம் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம். நடத்துனர் என் மகளைப் பார்த்து, "பாப்பாவுக்கு அரையா, முழுசா?" என்றார். அவளுக்கு 11 வயது, அரை டிக்கெட் போதும். நான் வாய் திறப்பதற்குள் அவளே "முழுசு" என்றாள். சரி என்று முழு டிக்கெட்டே வாங்கினேன். காவேரிப்பட்டினம் வருவதற்குள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள்.

ஏறக்குறைய 8 முதல் 12 வரையுள்ள இந்த வயதுப் பிள்ளையைத்தான் ஆங்கிலத்தில் ட்வீன் என்கிறார்கள். இடையில் என்று பொருள்படும் பிட்வீனும் டீனும் ஒட்டிப் பிறந்த சொல். டீன் என்பது அவர்களுடைய எண்ணுப்பெயர்களில் 13 முதல் 19 வரை வரும் ஈறு. அதைப் பின்பற்றி 'முன்பதின்பருவம்' என்றால் நமக்குப் பொருந்தவில்லை. தமிழில் பதினொன்றிலேயே 'பதின்' வந்துவிடுகிறதே!

செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள், பெண்ணின் பருவப் பெயர்களில் பேதைக்கும் மங்கைக்கும் நடுவில் பெதும்பையை வைக்கின்றன. பொதுவாகச் சொல்வது 8 முதல் 11 வயது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களை வயதுவாரியாகப் பிரித்த பெயர் அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

பேச்சில் இருப்பது 'ரெண்டுங்கெட்டான் வயசு'. குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை என்பதுதான் பொருள். ஆனாலும் கேட்கிற பிள்ளையின் காதில் 'கெட்டான்' மட்டும்தான் விழும்.

எங்கள் மாந்தோப்புப் பக்கம் இன்னொரு சொல் இருக்கிறது: செங்காய். காய்க்கும் பழத்துக்கும் நடுவில் நிற்பது. கிளிமூக்கு மாங்காயைச் செங்காயாக அறுத்துப் பாருங்கள். தோல் பச்சை, கொட்டையை ஒட்டி மஞ்சள்; தோலோரம் புளிப்பு, உள்ளே இனிப்பு. இரண்டும் கெட்டதல்ல, இரண்டும் உள்ளது. 'பிஞ்சிலே பழுத்தது' என்று திட்டுகிறோமே, அது இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்ததைத்தான். குதிக்க வைப்பது பல வீடுகளில் நாம்தான். பெண்பிள்ளை வயதுக்கு வந்த மறுநாளே ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே என்று பெரிய மனுஷி ஆக்கிவிடுகிறோம்.

ஆகவே, நான் செங்காய்ப் பருவம் என்றே எழுதுகிறேன். பையனுக்கும் பெண்ணுக்கும் பொது.

அந்த முழு டிக்கெட், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இன்னும் மடிக்காமல் இருக்கிறது.