வாடகை வீட்டுக்கு பேங்க் நோட்டீஸ் வந்தால்: சர்பாசி சட்டத்தில் எந்த நாள் எதற்கு

மதுரையில் நாலு போர்ஷன் கட்டி, மூன்றை வாடகைக்கும் ஒன்றை ஒத்திக்கும் விட்டிருக்கும் வீட்டுக்காரர்கள் பலருக்குப் பத்திரம் பேங்கில்தான் இருக்கிறது. வரும் வாடகையில் தவணை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு போர்ஷன் சேர்ந்தாற்போல் காலியானால் அந்தக் கணக்கு உதைக்கும்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் கடன் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அதன்பிறகு பேங்க் கையில் எடுப்பது 2002-ல் வந்த சர்பாசி சட்டம். கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை ஏலம் விடலாம் என்பதுதான் அதன் பலம்.

முதலில் வருவது 13(2) நோட்டீஸ். மொத்தப் பாக்கியையும் 60 நாளில் கட்டச் சொல்லும். அதை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், வாங்கி பீரோவில் வைப்பதும்தான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், நீங்கள் வாங்காவிட்டால் கதவில் ஒட்டி, பேப்பரிலும் போட்டு, சேர்த்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். கட்டிய பணம் எது வரவு வைக்கப்படவில்லை, வட்டி எப்படிப் போட்டார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டியது பேங்கின் கடமை. மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசியது இதில் சேராது. ஓடிஎஸ், அதாவது ஒரே தடவையாக ஒரு தொகையைக் கட்டிக் கடனை முடித்துக்கொள்ளும் சமரசம், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அது கடன் வாங்கியவரின் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது.

60 நாள் முடிந்ததும் 13(4)-ன்படி, வீட்டை பேங்க் தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ் ஒட்டுவார்கள். அங்கிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டிஆர்டிக்குப் போகலாம். சென்னைக்கு அலைய வேண்டாம், மதுரையிலேயே இருக்கிறது. சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், இந்தச் சட்டம் அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது, அங்கே அலையும் நேரத்தில் 45 நாள் கரைந்துவிடும்.

ஏல நாள் வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டியாக வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உறவுக்காரர்களிடம் புரட்டுவதானாலும், வேறொரு இடத்தை விற்பதானாலும் இந்தக் கெடுவை மனதில் வைத்துத்தான் ஓட வேண்டும்.

இந்தச் சட்டம் தொடாத இடங்களும் உண்டு. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி என்றால் இதைப் பயன்படுத்த முடியாது. விவசாய நிலத்துக்கும் விலக்கு உண்டு, ஆனால் மேலூர் பக்கமோ வாடிப்பட்டி பக்கமோ பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, நிஜமாகவே அங்கே விவசாயம் நடக்க வேண்டும். அப்புறம், தனி ஆள் வட்டிக்கு விட்ட பணத்துக்கு இந்தச் சட்டத்தைக் காட்டி வீட்டைப் பூட்ட முடியாது.

ஒத்திதான் எனக்குப் பெரிய கவலை. பத்திரம் பேங்கில் இருக்கும்போதே ஐந்து லட்சம், ஏழு லட்சம் வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விடுகிறார்கள். அடமானத்தில் உள்ள வீட்டை உரிமையாளர் குத்தகைக்கு விடலாம் என்றாலும், கடன் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, முன்பணமாக மொத்தத் தொகை வாங்கக் கூடாது என்பது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 65ஏ பிரிவு. 13(2) நோட்டீஸ் வந்தபிறகோ, பேங்கின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் புதிதாக யாருக்கும் விடவே முடியாது. வீடு ஏலம் போனால் ஒத்திப் பணத்தை பேங்க் தராது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டுக் குடிவந்தவர், கொடுத்த வீட்டுக்காரரையே தேடி அலைய வேண்டும்.

அதனால் ஒத்திக்குப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வீட்டுக்காரர்களே, நோட்டீஸ் வந்த அன்றைக்கே ஒத்திக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவரும் டிஆர்டியில் தன் பக்கத்தைச் சொல்ல சட்டம் இடம் கொடுக்கிறது.